பேத்தை மீனை இனங்காண்போம்

தோட்டத்து வீடுகளில் மீன் வாங்காத வாரம் குறைவு. சம்பளம் போட்ட மறுநாள் நல்ல மீனாகவும், மாதக் கடைசியில் கெம்போங்கும் கருவாடுமாகவும் வாங்கிச் சமாளிக்கிறோம். கெம்போங், செலார், திருக்கை, கெளுத்தி என்று நம் பிள்ளைகள் தூரத்தில் நின்றே பெயர் சொல்லிவிடுவார்கள். ஆனால் எப்போதாவது மீன்காரரின் பெட்டியில் பெயர் தெரியாத மீன் ஒன்றும் வந்து சேரும். விலை குறைவாக இருக்கும். "எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா, ருசியாக இருக்கும்" என்பார். அப்படி வரக்கூடியவற்றில் ஒரே ஒரு மீனை மட்டும் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லாரும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதன் பெயர் பேத்தை. மலாய்க்காரர்கள் ஈக்கான் புந்தால் என்கிறார்கள். நம் பிள்ளைகள் பலூன் மீன் என்கிறார்கள். மூன்றும் ஒன்றுதான்.

மீனை இனங்காண்பது என்றால் நிறத்தைப் பார்ப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். பள்ளியிலும் பிள்ளைகள் முதலில் நிறத்தைத்தான் சொல்வார்கள். பேத்தையிடம் அது செல்லாது. இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்று சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். ஒன்று மஞ்சளாக இருக்கும். ஒன்றின் முதுகு பச்சை, விலா வெள்ளி போலப் பளபளக்கும். ஆகையால் நிறத்தை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். பேத்தையின் வாய் சிறியது. அதற்குள்ளே மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு பற்கள், ஒன்றோடொன்று சேர்ந்து கிளியின் அலகு போல இருக்கும். மீனுக்கு முயலின் பல்லா என்று தோன்றும். இந்தப் பல்லைக் கொண்டு நத்தை, நண்டு, கடல்முள்ளெலி ஆகியவற்றின் ஓட்டை நொறுக்கித் தின்கிறது.

அடுத்து வயிற்றின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கெம்போங் மீனுக்கு அங்கே ஒரு ஜோடித் துடுப்பு இருக்கிறதல்லவா? பேத்தைக்கு அது கிடையாது. முதுகில் நீண்டு நிற்கும் துடுப்பும் இல்லை. வாலுக்குச் சற்று முன்னால் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சிறு துடுப்புகள் எதிரெதிரே இருக்கும். செவுளைத் தூக்கிப் பார்க்க முயன்றால், தூக்குவதற்கு மூடியே தெரியாது. பக்கத்துத் துடுப்புக்கு முன்னால் ஒரு சிறு கீறல்தான் இருக்கும். உடம்பிலே செதில் இல்லை. தோல் தடித்து, வகையைப் பொறுத்து வழுவழுப்பாகவோ சொரசொரப்பான குறுமுட்களோடோ இருக்கும். அலகு போன்ற பல், வயிற்றுத் துடுப்பு இல்லாமை, செதிலற்ற தோல் ஆகிய மூன்றும் ஒரு மீனில் சேர்ந்திருந்தால் அதைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

உடம்பெல்லாம் ஊசி ஊசியாக நீண்ட முள் உள்ள மீன் ஒன்றும் உண்டு. கடைகளில் உலர்த்தி உருண்டையாகத் தொங்கவிடுவார்கள். அது பேத்தையின் ஒன்றுவிட்ட தம்பி, முள்ளம்பேத்தை. அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே பல். அதையும் நாம் தின்ன வேண்டியதில்லை.

இந்த மீன் எங்கே வாழ்கிறது? பெரிய பேத்தைகளின் சொந்த வீடு பவளப்பாறை. பினாங்கிற்கு வடக்கே, லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவுகள் இருக்கின்றன. பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்று நான்கு சிறு தீவுகள். 1994ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்ட கடல் பூங்காக்களில் இவையும் அடக்கம். அங்கே மீன் பிடிக்கக் கூடாது. பவளம் வளரத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். நம் பினாங்குக் கரையிலோ சுங்கை மூடா, சுங்கை பிறை, சுங்கை கிரியான் ஆகிய ஆறுகள் மண்ணையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஆகவே தெலுக் பகாங்கிலோ பத்து பிரிங்கியிலோ இறங்கிக் குளிக்கும் நமக்குப் பவளத் தோட்டம் காட்சி தருவதில்லை.

பவளப்பாறையைச் சுவர் என்று எண்ணாதீர்கள். அது சந்தும் பொந்தும் நிறைந்த ஒரு பெரிய லயம் போன்றது. ஒவ்வொரு அறையிலும் ஒரு குடித்தனம். பேத்தை பெரும்பாலும் தனிக்குடித்தனம்தான். மெதுவாக நீந்தும். பின்னால் உள்ள இரண்டு சிறு துடுப்புகளையும் விசிறி போல அசைத்துக்கொண்டு, எங்கும் அவசரமில்லாதது போலப் போகும். வேகமாக ஓடத் தெரியாத மீனுக்கு உயிர் பிழைக்க வேறு வழி வேண்டுமல்லவா? பகைவன் நெருங்கினால் தண்ணீரை மளமளவென்று விழுங்கி உருண்டு திரண்டுவிடும். அதற்கு விலா எலும்பு இல்லை, இரைப்பை மடிப்பு மடிப்பாக விரியும். சற்றுமுன் கையளவாக இருந்தது பந்தாகிவிடும். கடிக்க வந்த பெரிய மீனுக்கு வாய் கொள்ளாது. அதையும் மீறி விழுங்குகிறவனுக்காக உள்ளே விஷம் இருக்கிறது.

அந்த மீன் பவளப்பாறையிலேயே இருந்துவிட்டால் நமக்கும் அதற்கும் வழக்கே இல்லை. வம்பு என்னவென்றால், பேத்தைக் குடும்பம் பல இடங்களில் வாழ்கிறது. சில பாறை வகைகளின் குஞ்சுகள் ஆற்றுமுகத்திலும் கடற்புல் தரையிலும் வளர்ந்து, பெரியவையான பிறகே பாறைக்குப் போகின்றன. சில வகைகள் ஆயுள் முழுவதும் சதுப்பு நிலக் காட்டோரத்திலேயே கிடக்கின்றன. இன்னும் சில திறந்த கடலில் சேற்றுத் தரைக்கு மேலே திரிகின்றன. இழுவை வலை போடும் படகில் இவையெல்லாம் கெம்போங்கோடும் இறாலோடும் கலந்து ஏறிவிடுகின்றன. நேர்மையான மீனவர் பொறுக்கிக் கடலில் எறிந்துவிடுவார். எறியாத ஒருவர் இருந்தால் போதும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் பிள்ளைகள் சிலரோடு நாங்கள் தெலுக் பகாங் படகுத்துறைக்குப் போயிருந்தோம். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேத்தை ஒன்றை இழுத்துப் போட்டார். அது காற்றைக் குடித்து உப்பி, பலகையின் மேல் உருண்டது. ஒரு பையன் காலால் தட்டப் போனான். பெரியவர் அவனைத் தடுத்து, ஈரத் துணியால் மீனைப் பிடித்து, தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட்டார். காற்றைக் குடித்த பேத்தைக்கு அதை வெளியே விடுவது கடினம், வயிறு மேலாக மிதந்தே செத்துப்போகும் என்று விளக்கினார். "ஐயா, இவ்வளவு சதைப்பற்றாக இருக்கிறதே, ஏன் சாப்பிடக் கூடாது?" என்று ஒரு சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைய பேச்சே அவளுக்குச் சொன்ன பதில்தான்.

பேத்தையின் விஷத்துக்கு டெட்ரோடாக்சின் என்று பெயர். 1909ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் தஹாரா இட்ட பெயர் அது. மீன் இதைத் தானே செய்துகொள்வதில்லை. கடலில் உள்ள சில நுண்ணுயிர்கள் செய்கின்றன. சின்னஞ்சிறு பிராணிகளின் வழியே அது மீனின் உடம்புக்கு வந்து சேர்கிறது. விஷமற்ற தீனி கொடுத்துத் தொட்டியில் வளர்த்த பேத்தைகளுக்கு விஷம் இருப்பதில்லை என்று கண்டிருக்கிறார்கள். ஆகவேதான் ஒரு மீனில் அதிகமும் இன்னொன்றில் குறைவுமாக இருக்கிறது. ஒரு பருவத்தில் ஒன்றும் செய்யாதது மறுபருவத்தில் ஆளைக் கொல்கிறது. "போன வருஷம் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறவரின் பேச்சுக்கு ஆதாரம் இல்லாமற் போவது இதனால்தான்.

விஷம் மிகுந்து நிற்பது ஈரலிலும் சினையிலும். தாய்மார்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். மீன்சினை என்றால் பொரித்து, வீட்டில் கடைக்குட்டிக்குக் கொடுப்பது நம் வழக்கம். பேத்தையின் சினையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நாங்கள் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தோலிலும் குடலிலும் விஷம் உண்டு. சில வகைகளில் சதையிலும் உண்டு.

நரம்புகளின் வழியேதான் மூளையின் கட்டளை கைகால்களுக்குப் போகிறது. அந்தச் செய்தி ஓடுவதற்கு நரம்பின் சுவரில் சின்னச் சின்ன வாயில்கள் திறந்து மூட வேண்டும். டெட்ரோடாக்சின் போய் அந்த வாயில்களில் அடைப்பு வைத்துவிடுகிறது. செய்தி நின்றுபோகிறது. கை தூக்காது, நாக்கு புரளாது, கடைசியில் மூச்சு இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். பக்கத்தில் நடப்பதெல்லாம் கேட்கும், விரலை அசைக்க முடியாது. பேத்தையின் உடம்பிலோ அந்த வாயில்களின் அமைப்பே வேறு. அதனால் தன் விஷம் தன்னைத் தீண்டுவதில்லை.

உலகம் சுற்றிய கேப்டன் குக்கைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1774ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவருடைய ரெசலூஷன் கப்பல் பசிபிக் கடலில் நியூ கலிடோனியாத் தீவை ஒட்டி நின்றது. தீவுவாசி ஒருவரிடமிருந்து ஒரு மீனை வாங்கி வந்தார்கள். கப்பலில் ஃபார்ஸ்டர் என்று தந்தையும் மகனுமாக இரண்டு இயற்கை நூல் அறிஞர்கள் இருந்தார்கள். புதிய மீனாயிற்றே என்று அதைப் படம் வரைந்தார்கள், அங்க அடையாளங்களை எழுதினார்கள். அதற்குள் இருட்டிவிட்டது. முழு மீனையும் சமைக்க நேரமில்லை என்று ஈரலையும் சினையையும் மட்டும் சமைத்தார்கள். குக்கும் அவ்விருவரும் ஆளுக்குக் கொஞ்சம் சுவை பார்த்தார்கள், அவ்வளவுதான். விடியற்காலையில் மூவருக்கும் கைகால் மரத்துப்போயிற்று. தண்ணீர் நிறைந்த பாத்திரமும் ஓர் இறகும் கையில் ஒரே கனமாகத் தோன்றின என்று குக் தம் குறிப்பில் எழுதினார். அந்த மீனின் குடலைத் தின்ற பன்றி ஒன்று செத்துக் கிடந்தது. மறுநாள் கப்பலுக்கு வந்த தீவுவாசிகள் மீனைப் பார்த்ததுமே அது தின்னத் தகாதது என்று சைகை காட்டினார்கள். எழுதத் தெரிந்தவர்களைவிட அந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அன்றைக்குத் தேவையான கல்வி இருந்தது என்பது எங்கள் கருத்து.

ஜப்பானியர்கள் இந்த மீனை விரும்பி உண்கிறார்கள் என்று சிலர் வாதிப்பதுண்டு. உண்மைதான். அங்கே அதற்கென்று பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவர்கள்தான் அதை அறுக்கலாம். அப்படியிருந்தும் 1975ஆம் ஆண்டு பாண்டோ மிட்சுகோரோ என்ற புகழ்பெற்ற நாடக நடிகர் கியோட்டோ நகரில் பேத்தை ஈரலை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி உண்டு இறந்தார். சரவாக்கில் பெத்தோங் பக்கத்தில் மஞ்சள் புந்தாலைப் பரம்பரையாகச் சுத்தம் செய்து உண்கிறார்கள். அது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்ற தொழில். அதை ஒருநாள் பார்த்துவிட்டு வந்து நாம் செய்யப் புகுந்தால் என்னாகும்?

வெகுதூரம் போவானேன்? 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூரில், எண்பது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் வழக்கமாக வாங்கும் இடத்தில் மீன் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டார்கள். அது பேத்தை. சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு நடுக்கம் கண்டது, மூச்சு முட்டியது. அன்றைக்கே இறந்துபோனார். பெரியவர் நினைவில்லாமல் சில நாட்கள் மருத்துவமனையில் கிடந்து அவரும் போய்ச் சேர்ந்தார். பல ஆண்டுகளாகப் பழகிய இடம், நம்பி வாங்கிய மீன். நம்பிக்கை வேறு, மீனை அடையாளம் காண்பது வேறு என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி ஒரு சிக்கல். மேலே சொன்ன அடையாளங்களெல்லாம் முழு மீனுக்குத்தான் பொருந்தும். தலையைக் கிள்ளி, தோலை உரித்து, துண்டு போட்டு வைத்துவிட்டால் பேத்தையும் வெள்ளைச் சதை, மற்ற மீனும் வெள்ளைச் சதை. அண்டை நாடான தாய்லாந்தில் பேத்தைச் சதையை வேறு மீனின் பெயரில் விற்றதாகவே செய்திகள் வந்திருக்கின்றன. நம் ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்குகிற பாட்டிமார்களைக் கவனித்திருக்கிறீர்களா? செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், கண்ணை அழுத்திப் பார்ப்பார்கள், பிறகுதான் விலை பேசுவார்கள். அந்த வழக்கத்தில் பெரிய அறிவு இருக்கிறது. தலையும் தோலும் உள்ள மீனை வாங்கி, கண்முன் வெட்டச் சொல்லுங்கள். பெயர் தெரியாத மீனின் தோலுரித்த துண்டு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்க வேறு வழிகள் உண்டு.

இன்னொன்று. பச்சை முதுகும் வெள்ளி விலாவும் கொண்ட கடற்பேத்தைகளில் இரண்டு வகைகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். ஒன்றில் விஷம் மிகக் குறைவு என்பார்கள். மற்றதன் சதையிலேயே விஷம். இரண்டுக்கும் வேறுபாடு முதுகிலுள்ள குறுமுட்கள் எங்கே முடிகின்றன என்பதுதான். ஆபத்தானதில் அவை முதுகுத் துடுப்பின் அடிவரை போகும், மற்றதில் அதற்கு முன்பே நின்றுவிடும். இதை நாங்கள் சொல்வது நீங்கள் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காக அல்ல. படித்தவர்களே உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை அது. அடுப்படியில் மாலை ஆறு மணி வெளிச்சத்தில் செய்யக்கூடியதல்ல. நமக்கு இரண்டும் வேண்டாம்.

விஷத்தைக் கண்டுபிடிக்கவும் முறிக்கவும் நம்மிடையே பல வழிகள் சொல்லப்படுகின்றன. வெள்ளிக்காசைப் போட்டால் கறுக்கும் என்பார்கள். பூனை தின்றால் நாமும் தின்னலாம் என்பார்கள். மஞ்சளும் பூண்டும் கூட்டி, புளி ஊற்றிக் கொதிக்கவைத்தால் முறிந்துவிடும் என்பார்கள். இந்த விஷத்துக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வெள்ளிக்காசு அதை அறியாது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் அது அழிவதில்லை. ஐஸ்பெட்டியும் அதை ஒன்றும் செய்யாது. சதுப்பு நிலத்தில் கிடைக்கும் பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டின் முட்டையிலும் சில சமயம் இதே விஷம் இருக்கிறது. வால் உருண்டையாக உள்ள வகைதான் மோசம். அதற்கும் இதே பேச்சுத்தான்.

தப்பித்தவறி யாராவது சாப்பிட்டுவிட்டால் எப்படித் தெரியும்? முதலில் உதடும் நாக்கின் நுனியும் மரத்துப்போகும், எறும்பு ஊர்வது போல இருக்கும். சிலருக்குச் சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே தொடங்கும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து. பிறகு முகம், விரல்கள் மரக்கும். தலை சுற்றும், வாந்தி வரும், பேச்சுக் குழறும், கால் தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று எண்ணிப் படுக்கவைத்துவிடுவதுண்டு. மீன் சாப்பிட்ட பின் உதடு மரத்தது என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

இதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. ஆனால் பிழைக்கவைக்க வழி உண்டு. உடம்பு விஷத்தைத் தானே மெல்ல வெளியேற்றிவிடும். அதுவரை யாராவது அவருக்காக மூச்சுவிட்டுக் கொடுக்க வேண்டும். மருத்துவமனையில் இயந்திரம் அதைச் செய்கிறது. முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆகவே மோர், இளநீர், தென்னை வெல்லம் என்று வீட்டில் காலத்தைக் கடத்தக் கூடாது. தோட்டத்து கிளினிக் திறக்கட்டும் என்று காலைவரை காத்திருக்கவும் கூடாது. 999 எண்ணை அழையுங்கள். வண்டி வரத் தாமதமானால், இருக்கிற வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்கே போங்கள். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வழியில் மூச்சு நின்றால், முதலுதவி கற்றவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். அசையாமல் கிடக்கிறாரே, போய்விட்டார் என்று கையை விட்டுவிடாதீர்கள். முன்பே சொன்னோமே, அவருக்கு நம் பேச்சு கேட்டுக்கொண்டிருக்கலாம். பயப்படும்படியாகப் பேசாமல் தைரியம் சொல்லுங்கள்.

அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களையும், ஒன்றும் இல்லை என்றாலும், கூட அழைத்துப் போங்கள். மிச்சமிருக்கும் குழம்பையும், குப்பையில் போட்ட தலை, தோல் ஆகியவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லத் தேசிய நச்சு மையம் என்று ஒன்று இருக்கிறது. அது வேறெங்கும் இல்லை, நம் பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994ஆம் ஆண்டு முதல் நடந்துவருகிறது. என்ன மீன் என்று மருத்துவர் கேட்கும்போது, அந்தப் பையிலிருந்து தலையை எடுத்து, நான்கு பல் உள்ள வாயைக் காட்டுங்கள்.